குக்கர்க்காரர் வீட்டுக் குக்கர்

கடைத்தெருவில் குக்கர் ரிப்பேருக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. குக்கர்க்காரர் கடை எது என்றால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். ஊரார் குக்கருக்கெல்லாம் பார்த்துப் பார்த்து வால்வு மாற்றுகிறவர், சொந்த வீட்டுக் குக்கருக்கு மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று மாதம் கடத்தினார். சேஃப்டி வால்வில் ஆவி கசிகிறது, பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்று மனைவி நச்சரிக்கவும், கடையில் கிடந்த போல்ட் ஒன்றைக் கொண்டுவந்து வால்வைக் கழற்றிய ஓட்டையில் முடுக்கிவிட்டார். "இனிமே கசியாது, போ." எப்படிக் கசியும்? ஆவிக்கு இருந்த கடைசி வழியையும் அல்லவா மனுஷன் அடைத்துவிட்டார்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். விசில் வருகிற ஓட்டையில் பருப்புத் தோல் அடைத்துக்கொண்டது. ரொம்ப நேரமாக விசிலையே காணோமே என்று மனைவி அடுப்பை அணைக்கக் கை நீட்டினாள். டமார் என்று மூடி பறந்து கூரையில் மோதியது. கொதிக்கிற பருப்பு முகத்தின் இடப்பக்கம் முழுக்க அப்பிக்கொண்டது. இடது கண் போயிற்று.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரோடு ஓடியபடியே அவர் அவள் காதில் கிசுகிசுத்தார். "தண்ணி ஊத்த மறந்துட்டேன்னு சொல்லிடும்மா. போல்ட் விஷயம் தெரிஞ்சா கடைக்கு ஒரு ஈ காக்கா வராது. பொண்ணு படிப்பு இருக்கு."

வலியில் துடித்துக்கொண்டே சொன்னாள். நர்ஸிடம் சொன்னாள், நாத்தனாரிடம் சொன்னாள், ஓடிவந்த மகளிடமும் சொன்னாள். வெடித்த மூடியை அவர் அன்றைக்கே பழைய பாத்திரக்காரனிடம் தள்ளிவிட்டார். இருபது வருஷத்தில் ஒரு நாள் பாலைப் பொங்கவிட்டதில்லை, ஒரு நாள் அடிபிடிக்க விட்டதில்லை. அப்பேர்ப்பட்டவள் ஒரே வாரத்தில் தெருவுக்கே 'மறதியக்கா' ஆகிவிட்டாள்.

வீட்டிலாவது மரியாதை மிஞ்சியதா? அவள் அடுப்பை அணைத்துவிட்டு நகர்ந்தால், மகள் பின்னாலேயே வந்து இன்னொரு தடவை திருகிப் பார்ப்பாள். "நீ உட்காரும்மா, எதுக்கு வம்பு" என்று கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள். கண் போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். இதைத்தான் தாங்க முடியவில்லை.

குக்கர்க்காரருக்கோ, சொல்லிச் சொல்லி அந்தப் பொய் நிஜமாகவே ஆகிவிட்டது. கடைக்கு வருகிற பெண்களிடமெல்லாம் ஓசியில் புத்திமதி வேறு. நெஞ்சில் ஈரமில்லாத ஜென்மம்!

ஒரு நாள் மத்தியானம் அவளும் மகளும் சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்குப் போனபோதும் அதே பாட்டுத்தான். "தண்ணி பார்த்து ஊத்துங்கம்மா. இதோ, எங்க வீட்டுல ஒருத்தி மறந்துட்டு என்ன பாடுபடுறா பாருங்க."

அவள் கேரியரை நங்கென்று மேஜைமேல் வைத்தாள்.

"தண்ணி இருந்துச்சு. ரெண்டு டம்ளர் ஊத்தினேன். வால்வு ஓட்டையில போல்ட்டை முடுக்கி அடைச்சது இவரு."

வந்திருந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் குனிந்து ஸ்க்ரூடிரைவர் தேட ஆரம்பித்தார். மகள் மெதுவாக வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, ஆஸ்பத்திரியில உன் வாயாலதானே சொன்னே, தண்ணி ஊத்த மறந்துட்டேன்னு? அதையும் மறந்துட்டியா?"

"அவளைத் திட்டாதேம்மா, பாவம்," என்றார் குக்கர்க்காரர், குனிந்த தலை நிமிராமல்.