டப்பாவில் மிஞ்சிய கல்

நான் ஓட்டும் பஸ்ஸில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சில்லறை போடும் பள்ளத்தில் ஒரு கல் கிடக்கிறது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் பழுப்பாக ஒரு கறை. ரத்தம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், வெறும் துருவாகவும் இருக்கலாம். பஸ் கழுவ வருகிற நேபாளி இரண்டு தடவை அதைக் குப்பை என்று எடுத்து வீசிவிட்டான். இரண்டு தடவையும் மணலில் தேடி எடுத்தேன். இரண்டாவது தடவை அவனைக் கண்டபடி திட்டவும் செய்தேன். எனக்கு வாயும் கையும் கொஞ்சம் முந்திக்கொள்ளும். தூத்துக்குடியில் என் அம்மா, "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று சொல்லிக்கொண்டேதான் எனக்குச் சோறு போடுவாள்.

குளிர்காலத்தில் அபுதாபிக்கு உல்லாசக் கப்பல்கள் வரும். வெள்ளைக்காரப் பெரியவர்கள் இறங்குவார்கள், அவர்களை அல் ஐன் பக்கத்து மலையடிவாரத்துக்கு ஏற்றிப் போவது என் வேலை. ஐயாயிரம் வருடத்துப் பழைய கல்லறைகள் அங்கே இருக்கின்றன. கல்லை அடுக்கிக் குவித்துக் கட்டியவை. முழங்கால் போட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். பார்த்துவிட்டுச் சொன்ன நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். கப்பல் யாருக்காகவும் நிற்காது. ஆளைக் கப்பலுக்குத் தவறவிட்ட டிரைவருக்கு மறுநாள் டியூட்டி கிடையாது, கலாஸ், அவ்வளவுதான்.

அங்கே வாட்ச்மேனாக இருந்தவர் அறந்தாங்கிக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அண்ணாச்சி என்பேன், அவர் தம்பி என்பார். ஒல்லியான ஆள், யாரோடும் அதிகம் பேசமாட்டார். அவரிடம் இரண்டு பால்பவுடர் டப்பாக்கள் இருந்தன. ஒரு ஆள் பாதையில் ஏறினால் ஒரு டப்பாவிலிருந்து ஒரு கல்லை எடுத்து அடுத்ததில் போடுவார். ஆள் இறங்கினால் கல் பழைய டப்பாவுக்குத் திரும்பும். எல்லோரும் வந்துவிட்டால் இரண்டாவது டப்பா காலியாக இருக்க வேண்டும். யாரும் அவரை இதைச் செய்யச் சொல்லவில்லை. நான்தான் அவரைக் கேலி செய்வேன், "பல்லாங்குழி ஆட்டம் முடிஞ்சுட்டா அண்ணாச்சி?" என்று. அவர் சிரித்ததில்லை.

அது சீசனின் கடைசிக் கப்பல், ஏப்ரல் மாதம். வெயில் தகித்தது. என் பஸ்ஸில் முப்பத்து நான்கு பேர். அதில் துணையில்லாமல் தனியாக வந்திருந்த ஒரு கிழவி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். போன வருடம் கப்பலில் மெக்சிகோ போனாளாம், காட்டுக்குள் மாயன்களின் கோயிலைப் பார்த்தாளாம். ஆளை மல்லாக்கப் போட்டு உயிரோடு நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுத்த கல்லையே கையால் தொட்டாளாம். எகிப்துக்காரக் கைடு அதை எனக்கு இந்தியில் சொல்லிச் சிரித்தான். கல்லின் மேல் ஒரு மனிதனை அறுக்க மனிதனுக்கு எப்படி மனம் வந்தது என்று நான் முகம் சுளித்தது நன்றாக நினைவிருக்கிறது.

திரும்பும் நேரம் தாண்டிப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. நான் எண்ணினேன், முப்பத்து நான்கு தலை. உண்மையில் பக்கத்துப் பஸ்ஸில் வந்த பயணி ஒருவர் ஏசி நன்றாக இருக்கிறதென்று என் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார். அது அப்போது எனக்குத் தெரியாது. வண்டியைக் கிளப்பும்போது வாட்ச்மேன் முன்னால் வந்து நின்றார்.

"ஒரு ஆளு உள்ள இருக்காக, தம்பி. கல்லு ஒண்ணு மிஞ்சுது."

"எண்ணியாச்சு அண்ணாச்சி, சரியா இருக்கு. வழிய விடும்."

"கல்லு தப்பாது. நீ மறுக்கா எண்ணு."

ஹார்ன் அடித்தேன். அவர் நகரவில்லை. இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடித்து, பஸ்ஸுக்குப் பின்னால் இழுத்துப் போனேன். இன்ஜின் சூடு முகத்தில் அறையும் இடம் அது. அங்கேயும் அவர் கையைத் திறந்து அந்தக் கல்லை என் மூக்குக்கு நேரே நீட்டினார். குத்தினேன். உதடு பிளந்தது. விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி மறுபடியும் குத்தினேன். இரண்டாவது குத்துக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. முதல் குத்திலேயே அவர் வழியை விட்டுவிட்டார். முன்பல் ஒன்று ரத்தத்தோடு அவர் சட்டையில் விழுந்தது. என் கைமுட்டியும் கிழிந்தது. நடந்ததைப் பார்த்தது கைடு மட்டும்தான்.

அப்போது அவர் திருப்பி அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கல்லறைகளைப் பார்த்து ஓடினார். ஏனென்று தெரியாமல் நானும் பின்னால் ஓடினேன். மூன்றாவது கல்லறைக்குள் அந்தக் கிழவி குப்புறக் கிடந்தாள். நெற்றி உடைந்திருந்தது, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வாட்ச்மேன் ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மொதல்ல அந்தம்மாவத் தூக்கு. ஒன்ன அப்பறம் பாத்துக்கறேன்."

தூக்கினோம். அவர் வாயிலிருந்து சொட்டிய ரத்தம் அவள் வெள்ளைத் தொப்பியில் விழுந்துகொண்டே வந்தது. ஆம்புலன்ஸ் போனபிறகு பஸ்ஸுக்குப் பின்னால் கிடந்த கல்லை எடுத்துப் பைக்குள் போட்டேன். அவள் பிழைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பல்லைப் பற்றிக் கேட்டபோது, கல்லில் இடறி விழுந்ததாக அவர் சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு ஜெயில், பிறகு ஊர். இதற்குள் கைடு, தன்மேல் பழி வராமலிருக்க, கப்பல்காரர்களுக்கு ரிப்போர்ட் எழுதியிருந்தான். டிரைவர் கவனமாக எண்ணி, ஆள் குறைவதைக் கண்டுபிடித்து, திரும்பிப் போய்க் காப்பாற்றினார் என்று. பாராட்டுக் கடிதம் வந்தது. மேனேஜர் அதைச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டினார், எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். அதே வாரத்தில், காவல் இருக்கும்போதே ஆள் சாகக் கிடந்தாள் என்று சொல்லி வாட்ச்மேனின் விசாவை அவருடைய கம்பெனி ரத்து செய்தது. ஆள் உள்ளே இருப்பதை அவர்தான் சொன்னார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொன்னால், பல் எப்படிப் போனது என்ற கேள்வி பின்னாலேயே வரும். நான் வாயைத் திறக்கவில்லை. கை முந்துகிற எனக்கு அன்று வாய் மட்டும் பிந்திக்கொண்டது.

அவர் ஊருக்குக் கிளம்பும் நாளில், அவர் தங்கியிருந்த கேம்ப்புக்குப் போனேன். பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே பேசினார். "மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. இங்கன வச்சு அடிச்சா ஒனக்கு ஜெயிலு, எனக்கும் ஜெயிலு. ஊருல வச்சுத் தாறேன். லீவுல வா."

இரண்டு லீவுக்கு அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. பயம்தான், வேறென்ன. மூன்றாவது லீவில் கடிதத்தின் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு அறந்தாங்கிக்கு பஸ் ஏறினேன். அவர் ஒரு ஜவுளிக்கடை வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விசிலை வாயிலிருந்து எடுத்துப் பக்கத்திலிருந்த பூக்காரியிடம் கொடுத்தார். பிறகு அறைந்தார். ஸ்கூட்டர்களின் மேல் விழுந்தேன், இரண்டு வண்டி என்மேல் சரிந்தது. இடது காதில் ரத்தம் வந்தது. கூட்டம் கூடிவிட்டது. எழுந்து நின்றபோது, நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினதுபோல் இருந்தது என்பது நிஜம்.

பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பல் இருந்த இடம் இன்னும் பொக்கையாகவே இருந்தது.

"இதுல எம் பேரு இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப எனக்கு எதுக்கு? நீயே வச்சுக்க. பல்லுக்கு அடிச்சாச்சு. இந்தக் காயிதத்துக்கு அடிக்க எனக்குக் கை இல்ல."

விசிலை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இடது காதில் இன்றைக்கும் ஓர் இரைச்சல் உண்டு. இந்த சீசனுக்குப் புதிதாக நாலு டிரைவர்கள் வந்திருக்கிறார்கள். மேனேஜர் அவர்களைச் சட்டம் போட்ட அந்தக் கடிதத்துக்கு முன்னால் நிறுத்தி, எப்படி எண்ண வேண்டும் என்று இவரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று என்னைக் காட்டினார். நான்கு பேரும் மரியாதையாகப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். பிறகு பஸ்ஸில் ஏறி, பள்ளத்தில் கையை விட்டு, கல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.