பத்து வருஷம் தாங்கும்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே மிஷின் பழுது பார்க்கும் வேலை. ஊர் ஊராகப் போக வேண்டும். கல்யாணமான மறுவாரம் கிளம்பியவருக்கு இன்னும் ஓட்டம் நிற்கவில்லை. மாதத்தில் வீட்டில் தங்குவது நாலைந்து நாள். அப்போதும் விருந்தாளி மாதிரி சோபா நுனியில்தான் உட்காருவார். அலமாரியில் அவருக்கிருந்த தட்டை, மகள் வளர்ந்ததும் அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெட்டியைக் கட்டில் ஓரமாகத் திறந்து வைத்து, அதிலிருந்தே சட்டை எடுத்துப் போட்டுக்கொள்வார்.

அந்தப் பெட்டியின் சக்கரம் ஒருநாள் ரயில் நிலையப் படியில் கழன்று ஓடிவிட்டது. புதிது வாங்க மூவருமாகப் போனோம். நான் எதற்கு என்றால், பேரம் பேச. அத்தானுக்கு வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது.

அக்கா முன்னால் நடக்க, அத்தான் என் காதோடு ஒரு சேதி சொன்னார். ஆபீசில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று காலியாகிறதாம். போனில் புகாரைக் கேட்டு ஆளை அனுப்பும் வேலை. இவரைக் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். சொல்லும்போதே மனுஷனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"அக்காகிட்ட சொல்லிடாதே மாப்ளே. கடையில வெச்சு நானே சொல்றேன். பெட்டி வேண்டாம், ஒரு கைப்பை போதும்பேன். ஏன்னு கேப்பா இல்ல?"

கடைக்காரர் வரிசையாகப் பெட்டிகளை இறக்கினார். அத்தான் பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்தார். கைப்பிடிக் கம்பியை முழுக்க இழுத்து ஆட்டிப் பார்த்தார். துணிப் பெட்டி மழையில் ஊறும், ஆனால் கிழிந்தால் தைக்கலாம். கெட்டிப் பெட்டி விரிசல் விட்டால் போச்சு, அமுக்கினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் ரகமாகப் பார்த்து எடுக்க வேண்டும். சக்கரம் திருகாணியில் மாட்டியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். இதையெல்லாம் கடைக்காரரிடமே சொன்னார். வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும் இவ்வளவு அக்கறை. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மூலையில் கிடந்த ஒரு சின்னக் கைப்பையை எடுத்துக் காட்டி, இது போதும் என்றார்.

அக்கா ஏன் என்று கேட்கவில்லை. அதை வாங்கி இருந்த இடத்திலேயே வைத்தாள். அவர் கடைசியாகத் தட்டிப் பார்த்த கெட்டிப் பெட்டியைக் காட்டி, எத்தனை வருஷம் தாங்கும் என்று கடைக்காரரைக் கேட்டாள். பத்து வருஷம் தாங்கும், கேரண்டியே உண்டு என்றார் அவர்.

அத்தான் விடவில்லை. இனிமேல் இவ்வளவு அலைச்சல் இல்லாமலும் போகலாம் இல்லையா என்று மெதுவாக இழுத்தார்.

அக்கா கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இவரு அலையாம இருந்தா நாங்க எங்க போறது? சேர்ந்தாப்ல நாலு நாள் வீட்ல இருந்தாலே எனக்கும் பொண்ணுக்கும் மூச்சு முட்டுது. எப்படா கெளம்புவாருன்னு இருக்கும்."

அவளுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. வருஷக்கணக்காகத் தனியாகக் குடும்பத்தை இழுத்தவள், வேடிக்கையாகத்தான் சொன்னாள். இருந்தாலும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறந்ததும் அத்தான் என் முழங்கையைப் பிடித்து அமுக்கினார்.

எல்லா வீட்டிலும் இதே கதைதான் என்று கடைக்காரரும் சிரித்தார். அத்தானும் கூடவே சிரித்தார். பெட்டியை முன்னும் பின்னும் ஒரு முறை உருட்டிப் பார்த்தார்.

"இதுலயே பெரிய சைஸ் இருக்கா?" என்றார்.

இருந்தது. அக்காவுக்கு ஒரே திருப்தி. நல்ல பொருளாக வாங்க இன்றைக்காவது மனசு வந்ததே என்றாள். திங்கட்கிழமை அத்தான் ஆபீசில் வேண்டாமென்று சொல்லிவிட்டார். அப்படியொரு வேலை வந்ததே அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.