கிண்ணத்து நீர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் அன்று அங்கே மண் அள்ளியவன். ஜோர்டானில் எங்கள் ஊரில் ஒரு பழைய மலைக்கோட்டை, பெயர் வேண்டாம்.

எதிரி மதிலுக்கு அடியில் தோண்டி வந்தால், எதிர்த்துத் தோண்டி மறிக்க அந்தக் காலத்தில் வெட்டிய சுரங்கங்கள் அதற்குக் கீழே உண்டு. அவற்றுக்கு முட்டுக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. புதன் காலை 9.40க்குக் கூரை சரிந்தது. கொத்தனார் தியாபின் தம்பி முத்லக் உள்ளே மாட்டிக்கொண்டான். பாதை அங்கே இரண்டாகப் பிரியும். இரண்டு வாயும் மூடிவிட்டன. அவன் எதற்குள் என்று ஒருவருக்கும் தெரியாது.

தியாப் பழைய காவலர்களின் வழியையே பிடித்தார். எதிரி தோண்டும் அதிர்வை அறிய, அவர்கள் தரையில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களாம். இரண்டு பக்கமும் வைத்தார்.

இடப்பக்க நீர் சும்மா கிடந்தது. வலப்பக்க நீர் நடுங்கியது. மூன்று முறை. நின்றது. மறுபடி மூன்று...

"அவன்தான். வீட்டுக் கதவையும் இப்படித்தான் தட்டுவான், கழுதை." தியாப் அழுதுகொண்டே சிரித்தார்.

மேஸ்திரி அபூ ஹாபிஸ் தயங்கினார். "எதுக்கும் இடப்பக்கம் நாலு பேர விடுவோமாப்பா?"

"வேணாம். எல்லாரும் இங்க வாங்க."

விடிய விடியத் தோண்டினோம். தியாப் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "பொறுடா, வந்துட்டேன்," என்று மண்ணிடமே பேசினார்.

வியாழன் பகல் 2.10. ஒரு சுவர் வந்தது.

பழைய சுவர். இந்தப் பக்கமிருந்து கட்டி அடைத்தது. அதன் காலடியில், மண்ணுக்குள், ஒரு செம்புக் கிண்ணம். அன்றும் யாரோ உட்கார்ந்து உள்ளே தட்டுவதைக் கேட்டிருக்கிறார்கள்...

சுவரை உடைத்தோம்.

உள்ளே எலும்புகள். ஐந்து பேர். எல்லாரும் சுவரைப் பார்த்தபடி.

நாங்கள் வைத்த கிண்ணத்தில் நீரின் நடுக்கம் நின்றுவிட்டது.

தியாப் எழுந்து இடப்பக்கம் ஓடினார்.

மாலை 6.20க்கு முத்லக் கிடைத்தான். மூச்சு இல்லை. உடம்பு இன்னும் முழுதாகக் குளிரவில்லை. தியாப் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான்டா வழி தப்பிட்டேன்," என்றார்.

அடக்கம் முடிந்த பிறகுதான் அவன் போனைத் திறந்தோம். ஒரு குரல் பதிவு இருந்தது. வியாழன் பகல் 2.14.

"அண்ணே, நீ தட்டுறது கேக்குது. மூணு மூணாத் தட்டுற. ரொம்பக் கிட்ட வந்துட்ட. இப்பப் பயமில்லண்ணே..."

இடப்பக்கம் முதல் கடப்பாரை விழுந்தது 2.30க்கு.