திருடனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. காலையில் தண்ணீர் வந்தது. டிரம் இரண்டையும் நிரப்பினேன். வாரம் முழுதும் பெங்களூருக்குக் கட்டிக்கொண்டு போன புடவைகளைத் துவைத்தேன். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்றடித்ததால் வெளியே கொடியில் போடாமல் உள்ளறையில் உலர்த்தினேன். சாப்பாடு முடிந்து, மேசையைத் துடைத்து, கட்டம் போட்ட தாளை விரித்தேன். மூன்று நாற்காலி போட்டேன். ஒன்றில் உட்கார ஆள் வருவதில்லை, ஆனாலும் போட்டேன்.

நாங்கள் ஞாயிறுதோறும் விளையாடுவது டைஸ் உருட்டி ஆடும் கதை ஆட்டம். கதையை நடத்துவதும் ராட்சசர்களை ஆட்டுவதும் என் வேலை. என்னோடு பெங்களூர் ரயிலில் தினமும் வேலைக்குப் போய்வரும் அண்ணன் தம்பி இருவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். அண்ணன் வாளெடுத்த வீரன், தம்பி திருடன். இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது; நான் அவர்களுக்கும் மூத்தவள் என்பதால் அக்கா என்பார்கள். ஆட்டத்தில் திறமை கூடினால் ஒரு லெவல் ஏறுவது எல்லா ஊரிலும் வழக்கம். எங்கள் தங்கச் சுரங்க ஊரில் லெவல் என்றால் சுரங்கத்தின் ஆழம். எண் கூடக் கூடக் கீழே போகவேண்டும். ஆகவே எங்கள் மேசையில் யாரும் ஏறியதில்லை. "ஏழாவது லெவலுக்கு எறங்கிட்டேன்" என்றுதான் தம்பி மீசையை முறுக்குவார்.

திருடனின் விசேஷம் கள்ளக்குத்து. பின்னாலிருந்து குத்துவது என்றுதான் முதலில் நினைத்திருந்தோம். விதியைச் சரியாகப் படித்த பிறகு தெரிந்தது, முதுகுப் பக்கம் போகவேண்டியதில்லை. எதிரியை ஒட்டி நம் ஆள் ஒருவன் நினைவோடு நின்றால் போதும். எதிரியின் கவனம் அவன்மேல் போகும்போது திருடனின் கத்தி ஆழமாக இறங்கும். பக்கத்தில் ஆள் இல்லை, ஒளிந்து பாய்வதற்கும் வழி இல்லை என்றால் அது வெறும் கத்தி.

"அடி வாங்கறது நானு, பேர் வாங்கறது இவனு" என்று அண்ணன் சிரிப்பார். அப்போது சிரிப்பு இருந்தது.

எங்கள் ஊரின் மைசூர் மைன்ஸ் பகுதியில் அவர்களுடைய அப்பாவின் குவாட்டர்ஸ் இருக்கிறது. அப்பா போன பிறகு தம்பி, அண்ணனைக் கேட்காமலே, நடுவில் செங்கல் சுவர் எழுப்பிவிட்டார். அண்ணன் குடும்பத்தோடு சாம்பியன் ரீப்ஸ் பகுதிக்கு, என் வீட்டுக்கு இரண்டு லைன் வீட்டு வரிசை தள்ளி, வாடகைக்கு வந்துவிட்டார். ரயிலிலும் பெட்டி மாறி ஏறினார், மேசைக்கு வருவதையும் நிறுத்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் தம்பி மட்டும் வந்தார். குகைக்குள் ராட்சசன் எதிர்ப்பட்டான். தம்பி அண்ணனின் காய், ஒரு சிவப்பு கேரம் காய், அதை எடுத்து ராட்சசனை ஒட்டி வைத்தார்.

"இன்னாப்பா இது?"

"சும்மா நிக்கட்டும்க்கா. அடிக்க வேணாம்."

"சும்மா நின்னா கணக்குல வராது. நினைவோட நிக்கணும். நினைவோட நின்னா ராட்சசன் அவன அடிப்பான்."

"அடிச்சா அடிக்கட்டும். அவன் தாங்குவான். எப்பவும் தாங்குறவன் தானே."

விதிப்படி அனுமதித்தேன். கள்ளக்குத்து விழுந்தது, ராட்சசன் தள்ளாடினான், சாகவில்லை. அடுத்து ராட்சசனின் முறை. நான் மறைக்காமல் எல்லோரும் பார்க்க டைஸ் உருட்டுகிறவள். இருபது முக டைஸில் பத்தொன்பது. அடி எதிரே நின்ற வீரன்மேல் விழுந்தது. அவன் சாய்ந்தான். தம்பி வெறும் கத்தியாலேயே மிச்ச உயிரையும் எடுத்தார். ஆனால் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

அடுத்தது விழுந்தவனின் முறை. பிழைப்பானா என்று டைஸ் உருட்டவேண்டும். பத்தும் அதற்கு மேலும் நல்லது, கீழே கெட்டது. நல்லது முதலில் மூன்று சேர்ந்தால் பிழைப்பான், கெட்டது முதலில் மூன்று சேர்ந்தால் சாவான். அந்த டைஸை அவனை ஆட்டுபவர்தான் உருட்டவேண்டும் என்பது எங்கள் மேசை வழக்கம்.

"நானே உருட்டட்டுமாக்கா?"

"கூடாதுப்பா."

"இந்த வீரனும் போய்ட்டா அண்ணன் இந்த மேசைக்கு வர்றதுக்கு ஒண்ணும் இல்லக்கா. வேற எங்கயும் நாங்க பாத்துக்கறது இல்ல." தலையைக் குனிந்தே சொன்னார். காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

மறுநாள் காலை, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே டைஸை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில், பைக் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"இன்னாக்கா இந்நேரத்துல? யாருக்கு இன்னா ஆச்சு?"

"உன் ஆளு விழுந்துட்டான்."

"நான்தான் வரவே இல்லியே, எப்டி விழுவான்?"

"தம்பி நிக்க வெச்சான்."

"என்னக் கேட்டானா?"

நான் டைஸை வெளியே எடுத்தேன்.

"செவுத்துக்கும் கேக்கல, இதுக்கும் கேக்கல. குடுங்க."

டைஸை வாங்கி பைக் சீட்டின்மேல் உருட்டினார். நாலு. மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை மேசையில் உருட்டலாம், ஒன்றும் அவசரமில்லை என்றேன். அவர் கேட்கவில்லை. பதினொன்று. ஏழு. கடைசியாக ஒன்பது விழுந்தது. கன்னத்தில் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது.

"போய்ட்டானா?"

"போய்ட்டான்."

டைஸைத் துடைத்து என் கையில் வைத்தார். உள்ளே போகத் திரும்பியவர் நின்றார்.

"திருடன் தப்பிச்சானா?"

"தப்பிச்சிட்டான்."

"சரி" என்றார்.