நாலு சக்கரமும் இழுக்கும் கார்

ரஸல் கங்காஸின் வீடு மேட்டு உச்சியில் இருந்தது. கீழே ஏரியோரச் சாலை வரைக்கும்தான் அரசாங்க வண்டி பனியை வாரித் தள்ளும். அதற்கு மேல் அவரவர் பாடு. வடக்கே ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீவினாவில் நவம்பரில் விழும் பனி ஏப்ரல் வரைக்கும் கிடக்கும். ரஸலின் டிரக் எப்படியும் ஏறிவிடும். அவன் மனைவி ஆர்லீனின் சின்ன வேகனோ முன் சக்கரம் மட்டும் இழுக்கிற கார். பாதி மேட்டில் சக்கரம் சும்மா சுழலும், கார் வந்த வழியே வழுக்கிக்கொண்டு இறங்கும்.

"இந்த மேட்டோட என்னால மல்லுக்கட்ட முடியாது" என்று சொல்லிவிட்டு ஒரு நவம்பரில் ஆர்லீன் ஹான்காக் டவுனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்கு வேலை. தங்கை வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம் என்று காரை மேட்டு வீட்டுக் கொட்டகையிலேயே விட்டுவிட்டாள். பனி உருகியதும் வருவேன் என்றாள். உருகியது. தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன் என்றாள். கோடையும் போய்விட்டது. மறுபடி வானம் சாம்பல் பூத்தபோது, அவளாக வருவாள் என்று காத்திருப்பதை ரஸல் விட்டான். மேடுதானே பிரச்சினை? மேட்டைக் குறைக்க முடியாது. அவள் காரையே நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி மாற்றலாம்.

பழைய கார்களை உடைத்து விற்கும் லைல் டோர்கொலா திட்டத்தைக் கேட்டுச் சிரித்தான். "அடேய், அதே காரு, அதே வருஷம், நாலு சக்கரமும் இழுக்குறது என்கிட்டயே நிக்குது. மான் மேல மோதி மூக்குதான் நசுங்கியிருக்கு. அத நிமித்தி ஓட்டிட்டுப் போவியா, நல்ல வண்டிய அறுத்து ஒட்டப் போறேங்குற?"

"அது அவ காரு இல்லையே."

லைல் சிரிப்பை நிறுத்தினான். "சரி, இழுத்துட்டுப் போ."

பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்த்தே தலை நரைத்தவன் ரஸல். ஆனாலும் இது அவனை உண்டு இல்லை என்று ஆக்கியது. கியர் பாக்ஸைக் கழற்றி மானடித்த காரின் கியர் பாக்ஸை ஏற்றினான். பின்னால் சக்தி போக நீளமான தண்டு வேண்டும். அது ஓட ஆர்லீன் காரின் தரையில் இடமில்லை. தரையையே அறுத்து, மானடித்த காரின், நடுவில் முதுகுபோல மேடிட்ட தரையைப் பற்றவைத்தான். பெட்ரோல் டாங்க் குறுக்கே நின்றது, அதையும் மாற்றினான். பின் அச்சு, ஸ்பிரிங், புகைக்குழாய் எல்லாம் மாறின. தரையை அறுக்குமுன் விரிப்பைத் தூக்கியபோது அடியில் சூரியகாந்தி விதைத் தோல்கள் கொட்டிக் கிடந்தன. ஓட்டும்போது கொறித்துக்கொண்டே வருவாள். துடைப்பத்தை எடுத்தவன் கொஞ்ச நேரம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

ஆறிப்போன இறைச்சி அப்பத்தை நின்றுகொண்டே தின்றான். நாள் கணக்கில் யாரிடமும் பேசாமல் இருந்ததில், ஒருமுறை லைல் போன் செய்தபோது தொண்டை கரகரத்து, ஹலோ என்ற சொல்லே சரியாக வரவில்லை.

மார்ச்சில், மேடு முழுக்கப் பனி இருந்தபோதே, காரை ஹான்காக்குக்கு ஓட்டிப் போனான். ஆர்லீன் ஏப்ரனோடு வாசலுக்கு வந்தாள். "என் காரா? என்ன பண்ணி வச்சிருக்க?"

"ஏறு. நீயே ஓட்டு."

கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு அவள் ஏறினாள். மேட்டடியில் பழக்கப்படி வேகம் கூட்டப் போனாள். "வேண்டாம், மெதுவாவே போ" என்றான். கார் ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு, பின் சக்கரங்களும் பிடிக்க, நிதானமாக ஏறியது. பாதியில் வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி கிளப்பினாள். ஏறியது. ஆர்லீன் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

சமையலறையில் அவள் கோட்டைக் கழற்றவில்லை.

"நல்லா ஏறுது ரஸல்."

"அப்ப வந்துடலாம்ல?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மேடுன்னு சொன்னேன். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீயும் நம்பிட்ட."

"நீ சொன்னதத்தான நம்பினேன்."

"சாயங்காலம் ஆனா கொட்டகைக்குப் போயிடுவ. நான் இங்க உக்காந்து நீ இரும்பு அறுக்குற கிரைண்டர் சத்தம் கேட்டுட்டிருப்பேன். சாப்பிடக் கூப்பிட்டா வரேன்னு குரல் மட்டும் வரும். இப்பப் பாரு, என்னைக் கூட்டிட்டு வரணும்னாலும் அதே கொட்டகைக்குள்ளதான் போய் உக்காந்திருக்க. உன் டிரக் இந்த மேட்ட இறங்கும்ல? ஒரு தடவ என்னை வந்து பாத்தியா?"

போய்ப் பார்க்கலாம் என்று ரஸலுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் உண்மை. அதைச் சொன்னால் இன்னும் மோசமாகிவிடும் என்று பட்டது.

அவள் கையுறையைக் கழற்றி அவன் கன்னத்தைத் தொட்டாள். "கஷ்டப்பட்டுப் பண்ணியிருக்க. தெரியுது." பிறகு தன் காரை எடுத்துக்கொண்டு போனாள். இறங்கும்போதும் வழுக்கவில்லை.

அதற்குப் பின் ஞாயிறுதோறும் ரஸல் டிரக்கில் ஹான்காக் போனான். தங்கை வீட்டு மேசையில் காப்பி, ஏலக்காய் ரொட்டி. முதல் சில வாரம் காரின் சத்தத்தைப் பற்றி விசாரித்தான். "காரு நல்லா இருக்கு. வேற சொல்லு" என்பாள். வேறு என்ன என்று யோசிப்பதிலேயே காப்பி ஆறிவிடும். திரும்பி வந்தால் வீடு சில்லென்று கிடக்கும். ஆர்லீன் குடிவரவில்லை, வருவேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஜனவரியில் ஒரு ஞாயிறு ஏரியிலிருந்து பனிப்புயல் கிளம்பியது. வர முடியாது என்று போன் செய்தான்.

"சரி. அங்க என்ன பண்ற?"

"ஒண்ணுமில்ல. ஜன்னல்கிட்ட நிக்கிறேன்."

"என்ன தெரியுது?"

வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. ரஸல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பொறு, பாத்துச் சொல்றேன்" என்றான். அவள் போனை வைக்கவில்லை.