தராசில் நானும் மிளகாய்த்தூளும்

போட்ஸ்வானாவில் ஒரு சின்ன விமானத் தளம். செம்மண் ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு பெரிய தராசு. ஐந்து பேர் ஏறும் விமானத்துக்கு என் மகள் அபிதான் விமானி. எல்லாரையும் பையோடு தராசில் ஏற்றி நிறுக்கிறாள். விமானியின் அப்பா என்ற மிதப்பில் நான் ஒதுங்கி நிற்கிறேன்.

"அப்பா, நீங்களும் ஏறுங்கோ."

"என்னையுமோ பிள்ளை?"

"ஓம். இந்த வெயிலுக்குப் பாரம் கூடினால், அங்கால நிக்கிற மரங்களுக்கு மேலால பிளேன் எழும்பாது."

கூட்டிப் பார்க்கிறாள். அவளுக்கென்று என் மனைவி எங்கள் மில்லிக்கன் வீட்டில் வறுத்து இடித்துத் தந்துவிட்ட மிளகாய்த்தூள் பையை இறக்கி வைக்கிறாள். "உது அடுத்த பிளைட்டில வரட்டும்."

பைகளை ஏற்றும் டெபோகோ என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "மந்திரி வந்தாலும் இவள் இப்படித்தான்" என்கிறார் ஆங்கிலத்தில்.

அவளுக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. இஞ்சின் உறுமுகிறது; மரங்கள் நேரே ஓடி வருகின்றன. எங்கள் ஊர் ஸ்டீல்ஸ் வீதியில் இவளுக்குக் கார் பழக்கிய நாட்களில், ஹாண்ட் பிரேக்கிலிருந்து நான் கையை எடுத்ததே இல்லை. இன்று இரண்டு கைகளும் மடியில் கிடக்கின்றன. மரங்கள் காலுக்குக் கீழே போகின்றன.