நாலாம் நம்பரின் இடது முட்டி

எங்கள் ஊர்க் கால்பந்துக் கிளப்புக்குப் புது சீசன் தொடங்க ஆறு வாரம் இருக்கும்போதே என் ஜெராக்ஸ் கடைக் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டிவிடுவேன். காயப் பட்டியல். யாருக்கு எங்கே அடி, இன்னும் எத்தனை வாரம், முதல் ஆட்டத்துக்கு வருவானா மாட்டானா என்று மூன்று கட்டம். கிளப் இதையெல்லாம் வெளியே சொல்லாது. பஸ் ஓட்டும் டிரைவர் ஒரு சேதி கொண்டுவருவார், எதிர்க்கடை டெய்லர் ஒன்று கொண்டுவருவார், நான் அடித்துத் திருத்தி எழுதுவேன். எங்களில் ஒருத்தருக்கும் முட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. ஆனால் தொடைத் தசை பிடித்தால் மூன்று வாரம், கிழிந்தால் எட்டு வாரம் என்று, ஏதோ இப்போதுதான் ஆபரேஷன் முடித்துவிட்டு வெளியே வந்த மாதிரி பேசுவோம்.

அந்த வருடம் பட்டியலில் முதல் ஆள் எங்கள் தடுப்பாட்டக்காரன், நாலாம் நம்பர் சட்டைக்காரன். இடது முட்டி, லிகமெண்ட் கிழிந்து ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். அவன் இல்லாமல் எங்கள் பின்வரிசை கதவில்லாத வீடு. போன சீசன் பாதியில் அவன் விழுந்த பிறகு நாங்கள் வாங்கிய கோல்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும். இன்னொரு சீசன் அப்படிப் போனால் கீழ் லீக்குக்கு இறங்க வேண்டியதுதான். அவன் வருவானா மாட்டானா என்று உறுதியாகத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர், என் கடைக்கு நேர் மேலே மாடியில் இருந்தார். அவரிடம் போய்க் கேட்கத்தான் எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

அவர் பிசியோதெரபிஸ்ட். தெருவே அவரை மேடம் என்றுதான் கூப்பிடும். மாடியில் இரண்டு கட்டில், நகராத ஒரு சைக்கிள், சுவரில் மாட்டிய ரப்பர் பட்டைகள், தரையில் மஞ்சள் டேப்பால் போட்ட அளவுக் கோடுகள், அவ்வளவுதான் அவர் ராஜ்யம். பயிற்சிப் படங்களை நகலெடுக்கக் காலை பத்து மணிக்குக் கீழே வருவார். ‘சரியாயிடும்’ என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. வலிக்கிறது என்றால் ‘வலிக்கும்’ என்பார். முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்க ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் வைத்திருந்தார். அது காட்டியதற்குமேல் ஒரு டிகிரி கூட்டிச் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார். என் மனைவியின் தோள் அவர் கையில்தான் சரியானது. மூன்று மாதம் அவரைத் திட்டிக்கொண்டே போய்வந்தவள், இப்போது அவர் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டாள்.

இந்தத் தொழிலுக்கு அவர் ஆசைப்பட்டு வந்தவரில்லை. பன்னிரண்டு வருடம் முன்னால் அவர் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தார். அவருடைய தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. வலது ஓரத்தில் அவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்க டிரைவர் பஸ்ஸை மைதானத்து ஓரம் நிறுத்திவிடுவார், திட்டிக்கொண்டே பயணிகளும் எட்டிப் பார்ப்பார்கள். கிளப்புக்கு ஆள் எடுக்க ஒரு செலக்‌ஷன் ஆட்டம் வைத்தார்கள். இந்த நாலாம் நம்பரும் அப்போது இடம் கேட்டு வந்தவன்தான். தம்பி அவனை மூன்றாவது முறை ஏமாற்றிவிட்டுத் தாண்டிப் போனபோது, அவன் பின்னாலிருந்து முட்டியில் உதைத்தான். பந்து பத்தடி தள்ளிக் கிடந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

தம்பிக்கு முட்டி போயிற்று, நாலாம் நம்பருக்குக் கிளப்பில் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதையாவது மேடம் பொறுத்திருப்பார். அடுத்த மாதம் உள்ளூர்ப் பத்திரிகையில், அந்தப் பையனுக்குக் காலிலேயே பலமில்லை, வீணாக என்மேல் பழி போடுகிறார்கள் என்று பேட்டி கொடுத்தான். அதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. தம்பியின் முட்டியைப் பழக்கிவிட ஊரில் ஆள் இல்லாமல் அது பாதி மடக்கோடு நின்றுவிட்டது. அவர் கடை வேலையை உதறிவிட்டுப் படிக்கப் போனார். படித்து முடித்து வந்தபோது அந்த முட்டிக்குக் காலம் கடந்திருந்தது. தம்பி இன்று பஸ் டிப்போவில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். படி ஏறினால் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுவான்.

தம்பிக்கு யார்மேலும் கோபம் கிடையாது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கும். சனிக்கிழமை தவறாமல் வந்து பட்டியலைப் படித்துவிட்டு, நாலாம் நம்பர் சீக்கிரம் தேறினால் நம் கிளப் பிழைத்துக்கொள்ளும் என்று கவலைப்படுவான். அவன் பங்குக் கோபத்தையும் சேர்த்து அக்காதான் சுமந்தார்.

இப்படிப்பட்டவரிடம் நாலாம் நம்பரின் முட்டி வந்து சேர்ந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் ஊரில் வேறு யாரையும் நம்பாமல் அவரிடம் அனுப்பிவிட்டார். மேடம் மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என நினைத்தோம். கட்டிலைக் காட்டி, படுங்கள் என்றாராம். முட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடப் போகிறார் என்று டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்படி எதுவும் நடக்கவில்லை. வாரம் மூன்று நாள் அவன் வந்தான். அவனுடைய அலறல் சில நாள் கடைவரை கேட்டது. ஆனால் முட்டி ஒழுங்காக மடங்கியது, தொடை தேறியது. அவனை அவர் ‘நீங்க, வாங்க’ என்று மரியாதையாகத்தான் நடத்தினார்.

என் மனைவியிடம் மட்டும் ஒருநாள் மனதைத் திறந்திருக்கிறார். “ஒரே ஒரு தடவை கேட்கட்டும், உங்க தம்பி எப்படி இருக்கார்னு. கேட்டுட்டான்னா இதை நான் விட்டுடுவேன்.”

அவன் கேட்கவில்லை. எழுபது தடவைக்குமேல் அந்தக் கட்டிலில் படுத்து எழுந்திருப்பான். புது வண்டியைப் பற்றிப் பேசினான், பூட்ஸைப் பற்றிப் பேசினான், மழை வருமா வராதா என்றுகூடப் பேசினான். மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முட்டியை மடக்கி நீட்டினார்.

சீசனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, லேமினேட் செய்த படங்களைக் கொடுக்க நான் மாடிக்குப் போனேன். ஒற்றைக் காலில் தாண்ட வைத்து அளந்துகொண்டிருந்தார். வலது காலில் அவன் நூற்று அறுபது சென்டிமீட்டர் தாண்டினான். இடது காலில் நூற்று இருபது. மூன்று முறை தாண்டியும் அதேதான். வலது காலில் தாண்டுவதில் பத்தில் ஒன்பது பங்காவது இடது காலில் வர வேண்டும், இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்றார் அவர்.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “மேடம், பழசை மனசுல வச்சுக்கிட்டு என் சீசனைக் கெடுத்துடாதீங்க.”

ஆக, பழசு என்று ஒன்று இருப்பது அவனுக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அத்தனை மாதமும் வண்டி, பூட்ஸ், மழை என்று பேசியிருக்கிறான். எனக்கே அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. மேடம் அளவு நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தார்.

நான்கு நாள் கழித்து கிளப் மேனேஜர் முடிவு கேட்க வந்தார். டிரைவரும் டெய்லரும் தம்பியும் கடையில்தான் இருந்தார்கள். மேடம் அவரை மாடிக்குக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் மேடமே கீழே இறங்கி வந்து, எங்கள் எல்லோருக்கும் நடுவில் நின்று பேசினார்.

“ரெண்டு மாசத்துக்கு அவன் இறங்கக் கூடாது. இறங்கினா முட்டி போயிடும்.” மேனேஜரை நேராகப் பார்த்தார். “போனா எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவன் இனிமே ஆடவே இல்லைன்னாலும் எனக்குச் சந்தோஷம்தான். எழுதி வேணாலும் தர்றேன்.”

மேனேஜர் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. இத்தனை மாதம் அடக்கிவைத்த வன்மம் கடைசியில் வெளியே வந்துவிட்டது, நல்ல காலை நொண்டி என்று சொல்லி உட்காரவைக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தோம். மூன்று முறை தாண்டியதைக் கண்ணால் பார்த்த நானே அப்படித்தான் நினைத்தேன். அவர் நாடாவை எங்கே பிடித்தாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அந்த வாரமே மேனேஜர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த இன்னொரு டாக்டரிடம் அவனைக் கூட்டிப்போய், முட்டியைத் தட்டிப் பார்க்கச் சொல்லி, ஆடலாம் என்று எழுதி வாங்கினார். நான் பட்டியலில் பச்சை மையால் ‘வருவான்’ என்று எழுதினேன். டெய்லர் கை தட்டினார்.

நம்பியது தம்பி ஒருத்தன்தான். அக்கா முட்டி விஷயத்தில் பொய் சொல்ல மாட்டாள் என்று கெஞ்சினான். நாங்கள் காதில் வாங்கவில்லை. அவன் அந்தக் காலோடு பயிற்சி மைதானத்துக்கே போய், தயவுசெய்து இறங்காதீர்கள் என்று நாலாம் நம்பரிடம் சொல்லியிருக்கிறான். உங்கள் அக்கா அனுப்பினாரா என்று கேட்டு அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முதல் ஆட்டம், முப்பத்தோராவது நிமிடம். அவன் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. வந்த பந்தை வெளியே அடிக்க இடது காலை ஊன்றித் திரும்பினான். அப்படியே உட்கார்ந்தான். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனபோது அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தான்.

ஆட்டம் முடிந்து நான்காம் நாள் காலை பத்து மணிக்கு மேடம் வழக்கம்போல நகலெடுக்க வந்தார். கடையில் நான் மட்டும்தான். எனக்கு முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சொல்லித்தானே ஆக வேண்டும்.

“நீங்க உண்மையைத்தான் சொன்னீங்க மேடம். நாங்கதான் நம்பல.”

“நம்ப மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் அண்ணா சொன்னேன்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் நோயாளிக்குச் சொல்வதுபோல நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு நான் ஒரு போன் போட்டு, நீங்களே சொல்லிடுங்கன்னு சொல்லியிருந்தா மேனேஜர் கேட்டிருப்பார். அதை நான் செய்யல. இல்லைன்னா, அவன் தயார், தாராளமா இறக்குங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கலாம். இவ எதுக்கு இவ்வளவு அவசரப்படுறான்னு பயந்துபோய் நீங்களே அவனை உட்கார வச்சிருப்பீங்க. பொய் சொல்லியிருந்தா அவன் தப்பிச்சிருப்பான். நாலு நாள் யோசிச்சேன். அப்புறம்தான் உண்மையைச் சொன்னேன், உங்க யாருக்கும் நம்பிக்கை வராத மாதிரி.”

மெஷின் தாளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. உள்ளுக்குள் எனக்கு ஒரு குஷி எழுந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அந்தப் பத்தடி தள்ளிக் கிடந்த பந்தைப் பார்த்தவன் நான். ஆனால் அவரோடு சேர்ந்து அந்த முட்டியை உடைத்தவர்களில் பச்சை மையோடு நானும் இருந்தேன், அதை நினைத்தபோது குஷி அடங்கிவிட்டது. இதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“யாருக்குமே தெரியாம இருந்தா பழி தீர்த்த மாதிரி இல்ல. நீங்க அன்னைக்கு மைதானத்துல இருந்தவர். தம்பிக்கு மட்டும் தெரியக் கூடாது.”

அந்தத் தம்பியே அப்போது கடைவாசலில் ஏறினான். டிப்போவில் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தான். முகமெல்லாம் பெருமை.

“அக்கா, அவரைப் பார்த்துட்டு வர்றேன். மறுபடியும் ஆபரேஷனாம். இனிமே உன்கிட்ட மட்டும்தான் காலைக் காட்டுவாராம். ஊர்லயே தன்கிட்ட உண்மையைச் சொன்னது நீ ஒருத்திதானாம். அழுதுட்டாருக்கா. உன்கிட்ட மன்னிப்புக் கேட்கணுமாம்.”

மேடம் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. பன்னிரண்டு வருடம் அவர் காத்திருந்த சொல் அது.

“எதுக்கு மன்னிப்பு?”

“உன்னைச் சந்தேகப்பட்டதுக்கு.”

“அதுக்கு மட்டுமா?”

தம்பி புரியாமல் விழித்தான். “வேற எதுக்குக்கா?”

படிக்கல்லில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, நல்ல காலில் எடையைப் போட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மேடம் அவன் முட்டியைப் பார்த்தார். பிறகு தாள்களை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

“வரச் சொல்லு. இந்தத் தடவை ஒரு வருஷத்துக்குமேல ஆகும்னு சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

அவர் மாடிப்படி ஏறிப் போகும் சத்தம் அடங்கும்வரை தம்பி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“பார்த்தீங்களா அண்ணா, எதிரியா இருந்தாலும் எங்க அக்கா அவனுக்கு நல்லதைத்தான் சொல்லுவா. நீங்கதான் யாரும் நம்பல.”

ஆமாப்பா, நாங்கதான் நம்பல என்றேன்.